அண்ணியின் மார்க்

"ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?"

கண்ணாடிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிக் கேட்பார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சோதனை பிரேமை மூக்கில் மாட்டிவிட்டு ஒரு லென்ஸைச் செருகி "ஒண்ணு" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகி "ரெண்டு" என்பார். நாற்காலியில் இருப்பவர் பரீட்சை எழுத வந்தவர்போல முதுகை நிமிர்த்திக்கொள்வார். கண் சோதனைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதில் பாஸாகிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. பாஸானால் கண்ணாடி கிடையாது, ஃபெயிலானால்தான் கண்ணாடி. கண்ணாடி வாங்கத்தானே ஐயா வந்தீர்கள்?

அன்றைக்கு வந்தவர் ஒரு டாக்ஸி டிரைவர். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மூச்சு விடாமல் ஒப்பித்தார். காத்திருந்த நேரத்தில் பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார் என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியாதா? அவர் லென்ஸைக் கழற்றினார். அதே லென்ஸை ஒரு தட்டுத் தட்டித் திரும்பவும் மாட்டினார்.

"இப்போ?"

"ஆங், இப்போதான் சார் பளிச்சுன்னு இருக்கு."

"நான் எதையும் மாத்தவே இல்லையே."

டிரைவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். கண்ணாடிக்காரர் எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நீங்க சும்மா சொல்ற பதிலுக்கு நான் லென்ஸ் போட்டா, நாளைக்கு ரோட்டுல போறவனுக்குல்ல ஆபத்து."

டிரைவர் தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னார். அது கண்ணாடிக்காரர் காதில் விழவில்லை. விழுந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த லென்ஸை எடுத்தார்.

கடை கீழே, வீடு மேலே. இடையில் ஒரு குறுகலான மாடிப்படி. மனைவி இருந்தவரைக்கும் அந்தப் படியில் நாள் முழுக்கப் போக்குவரத்து இருந்தது. அவள்தான் கல்லாவில் உட்காருவாள், பிரேம் எடுத்துக் காட்டுவாள், மூக்கு சப்பையாக இருக்கிறவர்களுக்கும் மனம் கோணாமல் பொருத்தமானதைத் தேடிக் கொடுப்பாள். அவர் உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டே ஏதாவது ஒரு மெட்டை முனகுவார். நல்ல குரல், பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியவர். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது தேய்க்கிற மெஷின் மட்டும் பாடுகிறது. கடை மூடினால் அவர் மேலே ஏறுவார், காலையில் கீழே இறங்குவார். படிக்கு அவ்வளவுதான் வேலை.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். இங்கே விளக்கு வைக்கிற நேரம் அங்கே விடிகிற நேரம். சின்ன வயதில் அவள் வாயைத் திறந்து பாடினால் வீடே காதைப் பொத்திக்கொள்ளும். அதனால் அண்ணன் வைத்த பெயர் "தகரம்". அவள் பதிலுக்கு வைத்த பெயர் "வித்வான்". கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருஷம் இந்தக் கடையில்தான் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாற்றாத லென்ஸை மாற்றியதுபோல மாட்டி அண்ணன் ஆட்களைப் பிடிப்பதைப் பார்த்து, உள்ளே ஓடிப்போய் அண்ணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணி இறந்தபின் அவள் தினமும் போன் செய்தாள். "சாப்டியாண்ணா? தூங்கினியாண்ணா?" என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்பாள். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் ஒரு பெருமூச்சு வரும். ஒருநாள் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்? பாவம் பாக்கறதுக்குன்னே போன் பண்றதா இருந்தா பண்ணாத" என்று கத்திவிட்டார். அவள் பண்ணவில்லை. ரோஷம் அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கும் சரிசமமாகப் பங்கு பிரிந்திருந்தது. அவள் கூப்பிடட்டும் என்று இவரும், அவர் கூப்பிடட்டும் என்று அவளும் மாதக்கணக்கில் இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. கூடவே ஒரு வரி. "வித்வானே, தைரியம் இருந்தா வாங்க."

காதைச் சோதிக்கிற இணையதளம் அது. முதலில் சுருதி. இரண்டு ஒலி வரும். எது உயர்ந்தது என்று சொல்ல வேண்டும். முதலாவது, இரண்டாவது, ஒன்றுபோல் என்று மூன்று பொத்தான்கள். இப்படி இருபது கேள்விகள். அதன்பின் தாளம். டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அதோடு சேர்ந்து விரலால் தட்டிக்கொண்டே வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடும். நின்றபின்னும் அதே வேகத்தில் தனியாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். அதில் கண்ணாடிக்காரரை அடிக்க ஆளில்லை. தனியாகப் போவதில் இரண்டு வருஷப் பழக்கம்.

கடைசியில் மார்க் வரும். ஒரு நாளுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள் என்பதால் இருவர் மார்க்கும் அருகருகே நிற்கும். முதல் நாள் அண்ணனுக்குப் பத்தொன்பது, தங்கைக்கு எட்டு. "தகரம் தகரம்தான்" என்று எழுதினார். அவள் நாக்கை நீட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதில் பாவமும் இல்லை, பெருமூச்சும் இல்லை. அவர் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதிலிருந்து அது தினப்படி ஆயிற்று. ஷட்டரை இறக்குவார், மேலே போய் முகம் கழுவுவார், சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்து உட்காருவார். எதிரே மனைவி உட்காரும் நாற்காலியில் தேய்த்த சட்டைகள் அடுக்கியிருக்கும். விளையாடி முடித்ததும் தங்கையின் மார்க் வரும் வரை எழுந்திருக்க மாட்டார். அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற ஒரே விஷயம் அதுதான். பேப்பர்காரன்கூட வாசலில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறான்.

கெட்ட காலம் மைக்ரோவேவ் அடுப்பு வழியாக வந்தது. உள்ளே வைத்த சாப்பாடு உள்ளேயே இருந்து மறுநாள் காலையில் கண்ணில் படும். இப்படி நாலைந்து தடவை ஆனபின், மணி அடிக்கிறது கெட்டுப்போய்விட்டது என்று ஒரு ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் கதவைத் திறந்தார், மூடினார், பொத்தானை அழுத்தினார், காத்திருந்தார்.

"நல்லாத்தானே சார் கத்துது?"

"எங்க?"

"இதோ, இப்பக்கூட."

கண்ணாடிக்காரர் அடுப்பைப் பார்த்தார், ரிப்பேர்காரரைப் பார்த்தார். "ஆமா, இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லி, வந்ததற்கான கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மனைவி இருந்தபோது, "ஏங்க, அடுப்பு கூப்பிடுது பாருங்க" என்பாள். எவ்வளவு நாளாக அவள் காதால் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மார்க்கும் இறங்க ஆரம்பித்தது. தாழ்ந்த சுருதி ஒலிகள் பரவாயில்லை. மேலே போகப் போக ஒன்றும் இரண்டும் ஒரே மாதிரி, சில சமயம் இரண்டுமே இல்லாத மாதிரி. பதினாறு, பதினான்கு, பதினொன்று. ஒருநாள் தங்கையிடமிருந்து பொம்மை வரவில்லை, எழுத்து வந்தது. "அண்ணா, உடம்பு நல்லாருக்கா?"

அந்த வரியிலேயே பெருமூச்சு கேட்டது. இனிமேல் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "டாக்டரைப் பாத்தியா, காது மெஷின் வாங்கினியா" என்று ஆரம்பிப்பாள். விளையாட்டு போய்விடும். மறுபடி அந்த நோயாளிக் குரல் வரும், இவர் கத்துவார், அவள் வைத்துவிடுவாள், அதோடு முடிந்தது. காது போனால் போகட்டும், இந்த ஒரு கயிறு அறுந்துவிடக் கூடாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு "இதுல என்ன வெக்கம்" என்கிற மனிதருக்கு, தன் காதில் ஒரு மெஷின் என்றால் மட்டும் மானம் கப்பலேறிவிடும்போல் இருந்தது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அலமாரி இழுப்பறையில் மனைவியின் போன் இருந்தது. அதற்கு ரீசார்ஜ் செய்வதை அவர் நிறுத்தியிருக்கவில்லை. அதை எடுத்துச் சார்ஜ் போட்டு அதே தளத்தைத் திறந்தார். அது ஏதேதோ அனுமதி கேட்டது. சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனார். கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போடுகிற ஆட்களைப் பற்றி அவரே எத்தனை தடவை சிரித்திருக்கிறார்!

தினமும் முதலில் மனைவியின் போனில் விளையாடுவார். காதுக்கு எட்டியதை வைத்தும் எட்டாததைக் குத்துமதிப்பாகவும் தட்டுவார். ஏழோ எட்டோ வரும். முடிந்ததும் தளமே சரியான விடைகளைக் காட்டும். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று உதட்டுக்குள் சொல்லி உருப்போட்டுக்கொள்வார். பிறகு தன் போனை எடுத்து அதே கேள்விகளுக்கு அதே விடைகள். இருபதுக்கு இருபது.

முதல் நாள் இருபது வந்ததும், "தூக்கக் கலக்கத்துல இருந்தேன், அதான் எறங்கிடுச்சு. இப்ப பாத்தியா?" என்று எழுதினார். அவளிடமிருந்து பதில் வர ரொம்ப நேரமாயிற்று. வந்தது வெறும் மார்க் மட்டும். பொம்மை இல்லை. மறுநாளும் இருபது. அதற்கு மறுநாளும் இருபது. டாக்ஸி டிரைவர்கூட இவ்வளவு கூச்சமில்லாமல் ஒப்பித்திருக்க மாட்டார்.

இப்படி ஒரு மாதம் ஓடியபின், அவளிடமிருந்து வேறொரு லிங்க் வந்தது. தளத்தில் நாமே கேள்வித்தாள் தயாரித்து ஒருவருக்கு அனுப்பலாமாம். ஒரே தடவைதான் திறக்குமாம். "இது நான் பண்ணினது. உனக்கு மட்டும்" என்று எழுதியிருந்தாள்.

கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது. மனைவியின் போனால் இங்கே பிரயோஜனமில்லை. செய்யாமல் விட்டால் சந்தேகம், செய்தால் அம்பலம். கடைசியில் துணிந்து உட்கார்ந்தார். ஃபிரிட்ஜின் வயரைக்கூடப் பிடுங்கி வைத்தார். முதல் ஜோடி வந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அப்படித்தானே இருக்கும், நம் காது லட்சணம் அப்படி என்று நினைத்து "இரண்டாவது" என்று தட்டினார். அடுத்ததும் அப்படியே. "முதலாவது" என்றார். "ஒன்றுபோல்" என்கிற பொத்தான் பக்கமே விரல் போகவில்லை. அதைத் தொட்டால் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டமாதிரி ஆகிவிடும் என்று பயம். கன்னத்தைப் போனோடு ஒட்டவைத்து, கண்ணை மூடி, இருபதுக்கும் மாற்றி மாற்றித் தட்டி முடித்தார்.

மார்க் பூஜ்யம்.

கீழே விடைகள் வரிசையாக நின்றன. ஒன்றுபோல், ஒன்றுபோல், ஒன்றுபோல். கடைசி வரை அதே. அவள் எதையும் மாற்றவே இல்லை. ஒரே ஒலியைத்தான் இரண்டு இரண்டு தடவை வாசித்திருக்கிறாள்.

அவருக்கு முதலில் கோபம் வந்தது. என் கடையில் கற்ற வித்தையை என்னிடமே காட்டுகிறாளா? கோபம் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே பயம் வந்தது. போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பொம்மை வரவில்லை, எழுத்து வரவில்லை, பெருமூச்சுக்கூட வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் மார்க் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கடையில் ஒரு ஆசிரியைக்கு லென்ஸைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "இப்போ?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்றாள் அந்த அம்மாள், கொஞ்சமும் தயங்காமல். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று கண்ணாடிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் சங்கடப்பட்டுக் கைப்பையைத் திறந்து மூடினாள்.

அன்றைக்கு ஷட்டரைச் சீக்கிரமே இறக்கினார். மேலே போய், சட்டைகளைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கையின் எண்ணைத் தட்டினார். கடைசியாக அவர் அவளை எப்போது கூப்பிட்டார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

"அண்ணா?"

அவர் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டார்.

"அண்ணா, என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்கற?"

"தெரியலம்மா" என்றார். "ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு எனக்குத் தெரியல. எல்லாம் ஒரே மாதிரி கேக்குது. ரொம்ப நாளாவே அப்படித்தான்."

"அப்ப அந்த இருபது?"

சொன்னார். இழுப்பறையிலிருந்து போனை எடுத்தது, விடைகளை உருப்போட்டது எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ, தன் காதுதான் போய்விட்டதோ என்று போனை வலது காதுக்கு மாற்றினார்.

"அப்ப அது அண்ணி இல்லையா?" என்றாள் தங்கை.

"எது?"

"தினமும் எனக்கு உன் மார்க் வர்றதுக்கு முன்னாடி அண்ணி மார்க் வரும். அண்ணி பேரு, அண்ணி போட்டோ, கல்லாவுல உக்காந்து சிரிச்சிட்டிருப்பாங்களே, அந்தப் போட்டோ. முத நாள் பாத்துட்டு டிரெயின்லயே அழுதுட்டேன். நீ அண்ணியையும் கூட உக்கார வெச்சு விளையாடறேன்னு நெனச்சேன். உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சான்னு ஒரே பயம். கேக்கவும் முடியல. கேட்டா பாவம் பாக்கறேன்னு கத்துவ."

கண்ணாடிக்காரர் மேஜை மேலிருந்த மனைவியின் போனைப் பார்த்தார். சரி, சரி, சரி என்று தட்டியதில், அவள் பேரையும் படத்தையும் தங்கைக்குக் காட்டவும் அனுமதி கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்புறந்தான் இடிச்சுது" என்றாள் அவள். "அண்ணிக்கு ஏழு, உனக்கு இருபது. அண்ணிக்கு எட்டு, உனக்கு இருபது. அண்ணிய நீ ஒரு நாள்கூட ஜெயிக்க விடலையே! சீட்டு விளையாடினாக்கூட அவங்களுக்குத்தானே விட்டுக்கொடுப்ப? இதுல என்னமோ இருக்குன்னுதான் அந்த டெஸ்ட்ட பண்ணி அனுப்பினேன். பூஜ்யம் வந்ததும் என்ன எழுதறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

"பாவம் பாத்தியா?"

"பாவமா? எனக்கு வயிறு எரியுது! ஒரு மாசமா பிட் அடிச்சு ஜெயிச்சிருக்க. வெக்கமா இல்ல உனக்கு? ஊர்ல இருக்கறவனையெல்லாம் பிடிக்கத் தெரியுதுல்ல?"

நோயாளியிடம் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். அவள் திட்டத் திட்ட அவருக்கு இதமாக இருந்தது.

"நீ மட்டும் என்ன" என்றார், சமாளித்துக்கொண்டு. "எட்டுக்கு மேல ஒரு நாளாவது தாண்டினியா?"

"எனக்கு எது மேல எது கீழன்னு என்னைக்குண்ணா தெரிஞ்சிருக்கு? நான் தகரந்தானே. கண்ண மூடிக்கிட்டு எதையாவது தட்டுவேன். சத்தத்தக்கூட வெக்க மாட்டேன்."

"பின்ன எதுக்கு விளையாடின?"

"முடிச்சாத்தானே உன் மார்க்கக் காட்டும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது வந்தா நீ கடைய மூடிட்டு மேல வந்து உக்காந்துட்டேன்னு அர்த்தம். இன்னைக்கும் இருக்கேன்னு அர்த்தம். அதுக்குத்தான்."

கண்ணாடிக்காரர் அழுதார். வெகுநாள் கழித்து, வாய்விட்டு அழுதார். அவள் "அழாத" என்று சொல்லவில்லை, அழுது முடிக்கிற வரை லைனில் இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓர் உத்தரவு போட்டாள்.

"இனிமே உன் போன்ல விளையாடாத. அந்த மார்க் எனக்கு வேணாம். அண்ணி போன்லயே விளையாடு. அதுதான் உண்மையான மார்க்கு. அப்புறம், காது டாக்டரப் போய்ப் பாரு. போகலன்னா நான் ரெண்டு பிளேன் மாறி வந்து காதப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்."

"பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாமெல்லாம் இல்ல."

"சரி, போறேன்."

அடுத்த நாள் சாயங்காலம் மனைவியின் போனை மேஜையில் சாய்த்து வைத்தார். கல்லாவில் சிரிக்கிற அந்தச் சின்னப் படம் மூலையில் இருந்தது. ஒரு மாதமாகத் தொட்டுக்கொண்டிருந்த போனில் அவர் இதுவரை அதைக் கவனித்ததே இல்லை. முதல் ஜோடி கேட்டது, "இரண்டாவது" என்றார். அடுத்தது கேட்கவில்லை. அதற்கு அவர் "ஒன்றுபோல்" என்கிற பொத்தானைத் தொட்டார். கேட்டதற்குக் கேட்டபடியும், கேட்காததற்கெல்லாம் "ஒன்றுபோல்" என்றும் நிதானமாகத் தட்டிக்கொண்டே வந்தார். அவசரம் எதுவும் இல்லை. தாளத்தில் டிக் டிக் சத்தம் நின்றபின் வழக்கம்போல் தனியாகத் தட்டி முடித்தார்.

மார்க் ஆறு வந்தது.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, மனைவியின் போன் வெளிச்சமாக இருந்தது. மணி அடித்திருக்கும், அவருக்குக் கேட்கவில்லை. தங்கைக்கு ஒன்பது. அதன் கீழே ஒரு வரி இருந்தது. இரண்டு வருஷமாக அந்த எண்ணுக்கு யாரும் எதுவும் எழுதியதில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எதிர் நாற்காலியின் பக்கம் திரும்பி, கடையில் வாடிக்கையாளருக்குச் சீட்டைப் படித்துக்காட்டுகிற குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"அண்ணி, இன்னைக்கு நான் ஜெயிச்சுட்டேன்."